தம்பி பேசும் பதினோரு பக்கம்

கம்பவுண்டர், தாம் எழுதிய நாவலில் தம்பி பேசும் பகுதியைத் தாளோடு கத்தரித்து, மனைவியின் பேச்சுக்குக் கீழே பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் சாய்ந்தபடியேதான். இடுப்பெலும்பு முறிந்து ஆறாவது வாரம். பசை போர்வையிலும் ஒட்டியது. அவரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் நான்; துவைப்பதும் என் வேலை.

முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவர். டாக்டர்களின் கையெழுத்தே புரிந்தபோது, யார் மனசில் என்ன இருக்கிறது என்பதும் தமக்குத் தெரியும் என்று நினைப்பு. ஓய்வுக்குப் பிறகு முழுக்கக் கவிதையிலேயே ஒரு நாவல் எழுதினார். அதில், தம் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு வருஷத்தை அவர், அவர் மனைவி, தம்பி, தம்பி மனைவி என நால்வரும் மாறி மாறிச் சொல்வார்கள். அம்மா போனதிலிருந்து ஒன்பது வருஷமாக, அடுத்த தெருவில் இருக்கும் தம்பி இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இதைப் படித்தால் ஏறுவான் என்று நம்பினார்.

அன்று சாயங்காலம் உரக்கப் படித்துப் பார்த்தோம். தம்பியின் பக்கங்களைக் கம்பவுண்டரின் மனைவி படித்தார். ‘அண்ணா, நீ சுமந்தாய், நான் ஒதுங்கி நின்றேன்’ என்ற வரியில் கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரு ஒதுங்கி நின்னது?”

“தம்பி.”

“நீங்க கடையில இருந்தீங்க. அத்தைக்குப் பீ மூத்திரம் அள்ளினது அவரு.”

“இது கவிதை. எல்லாத்தையும் அப்படியே எழுத முடியுமா?”

“உங்களைப் புகழ்ற இடமெல்லாம் ஒண்ணு விடாம வந்திருக்கே!”

அவர் என் பக்கம் திரும்பினார். “நர்ஸம்மா, நீங்க சொல்லுங்க.”

“பேசறது நாலு பேருதான் ஐயா. வாய் மட்டும் நாலும் உங்களோடது. தம்பி இதைப் படிச்சா இன்னும் ஒன்பது வருஷத்துக்கு வர மாட்டாரு.”

அன்றிரவு அவர் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து எழுந்தார். வீட்டுக்குள் நடந்து பழகியே நான்கு நாள்தான். வேண்டாம் என்றேன், பிறகு செருப்பை மாட்டிவிட்டேன். தம்பி வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று முறை நின்றோம். தம்பி கதவைத் திறந்ததும் பதினோரு பக்கங்களை நீட்டினார்.

“நீ பேசறதா நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன். அடிச்சுட்டு நீயே எழுது.”

தம்பி லாரி ஓட்டியவர். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். உட்காரச் சொல்லவில்லை.

“அம்மாவுக்குப் படுக்கைப் புண்ணு வலது இடுப்புலன்னு போட்டிருக்கே. இடதுண்ணே.”

“எனக்குத் தெரியலடா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

தம்பி உள்ளே போய்ப் பேனாவோடு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினார். நான் தம்பி மனைவியிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, அண்ணனை உட்கார வைத்தேன்.