தூங்காமல் பார்த்த மூன்று படங்கள்

படம் என்றால் எனக்குத் தூக்கம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் மனைவியைக் கண்டி டவுனில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனேன். கதாநாயகன் முதல் அடி அடிப்பதற்குள் அவள் தோளில் சாய்ந்துவிட்டேன். படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு என்னை உலுக்கி, "என்னங்க, வீட்டுக்குப் போவோமா, இல்ல இங்கயே பாய் விரிக்கவா?" என்று கேட்டாள். அதைச் சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். கடுகண்ணாவையில் ஆட்டோ உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். விடியுமுன்பே கதவைத் திறந்தால்தான் ஹயருக்குப் போகிற ஆட்டோக்காரர்கள் வருவார்கள். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு தின்றுவிட்டு விழித்திருந்தால்தான் அதிசயம்.

அந்த ஞாயிறு மதியங்களில்தான் எங்கள் வீட்டில் ஜப்பான் கார்ட்டூன் படங்கள் ஓடின. கார்ட்டூன் என்றால் என் மூத்த மகளுக்கு முகம் சிவந்துவிடும், அனிமே என்று சொல்லவேண்டும். அவளும், ஆறு வயதுச் சின்னவளும், என் மனைவியும் டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்துகொள்வார்கள். பேச்சு ஜப்பான் மொழி, கீழே ஓடும் எழுத்து ஆங்கிலம். சின்னவளுக்காகப் பெரியவள் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள், அதுவும் ஆளுக்கொரு குரலில். ஜப்பான் கிழவி ஒருத்தி, "அடியே, அடுப்புல பால வச்சிட்டு எங்கடி போன?" என்று கேட்பது உள்ளறையில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். சிரிப்புச் சத்தத்தில் விழிப்பேன், திரும்பிப் படுப்பேன்.

எங்கள் வீடு ரயில் பாதைக்கு மேலே மேட்டில் இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் ரயில் கடந்து போகும்வரை வீட்டில் ஒரு பேச்சும் கேட்காது. அதனால் ரயில் வந்தால் படத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த இடைவெளியில் கதை எப்படிப் போகும் என்று மூன்று பேரும் சண்டை பிடிப்பார்கள். என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சந்தோஷம் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை.

பெரியவளுக்கு ஓ லெவல் சோதனைப் பெறுபேறு வந்தது. எல்லாப் பாடத்திலும் ஏ. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டொபி மிட்டாய் கொடுத்தேன், டொக்டரின் அப்பா என்று நானே என்னைச் சொல்லிக்கொண்டேன். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். பாதியில் நிறுத்திவிட்டு ஸ்பெனர் பிடிக்கப் போனது நான்தான். என் மகளாவது வெள்ளைக் கோட்டுப் போடவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக இப்போதும் நினைக்கவில்லை.

அவளோ ஏ லெவலுக்கு, டொக்டராவதற்கு எடுக்கவேண்டிய பயோ வேண்டாம் என்றாள். கலைப் பிரிவுக்குப் போய்ச் சித்திரம் எடுக்கப் போகிறாளாம். அதற்குப் பிறகு அந்தப் படங்களைப் போல வரைந்து அசையவைக்கப் படிக்கப் போகிறாளாம். எனக்குத் தலைக்கேறியது.

"பொம்மப் படம் வரைஞ்சு எவன் சோறு தின்னான்? அதப் பாத்தா எனக்குத் தூக்கந்தான் வருது."

"ஒண்ணையாச்சும் முழுசா பாத்திருக்கீங்களாப்பா?"

"பாக்கத் தேவையில்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்: "மூணு ஞாயிறு, மூணு படம். ஒண்ணுலயாச்சும் தூங்கிட்டீங்கன்னா நான் சித்திரம் எடுக்கிறேன். மூணையும் தூங்காம பாத்துட்டீங்கன்னா பயோ எடுக்கிறேன். அதுக்குப் பெறகு ஒரு வார்த்த பேசமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மனிதன் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் ஒரு டொக்டர் கிடைப்பாள் என்றால் எவன் விடுவான்? மனைவி என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். "இது உங்களால ஆகாதுங்க. இப்பவே சித்திரத்துக்குக் கலர் பென்சில் வாங்கி வைங்க" என்றாள்.

நடுவராகச் சின்னவள் வந்து சேர்ந்தாள். அவள் டிவிக்கு முதுகைக் காட்டி, என் கதிரைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து என் கண்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கண்ணை மூடினால் ஒன்று, இரண்டு என்று எண்ணவேண்டும். ஐந்து சொல்லியும் திறக்கவில்லை என்றால் தூங்கிவிட்டேன் என்று கணக்கு. கிள்ளக் கூடாது, முகம் கழுவக் கூடாது, பிளேன்டீ குடிக்கக் கூடாது. இந்தச் சட்டங்களையெல்லாம் போட்டது என் மனைவி.

முதல் ஞாயிறு சாப்பாட்டிலேயே சதி தெரிந்தது. கோழிக் கறி, பருப்பு, கத்தரிக்காய் மோசு, அதற்கு மேல் ஒரு சட்டி எருமைத் தயிர், அதில் ஊற்றக் கித்துள் பாணி. "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "சாப்பாட்டுல என்ன பக்கம், போட்டுச் சாப்புடுங்க" என்று இன்னொரு கரண்டி தயிரை ஊற்றினாள். நானும் விடவில்லை. தின்றுவிட்டு, தொப்பையைத் தூக்கிக்கொண்டு போருக்குப் போகிறவன் போல் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு கடலோர ஊர். தகப்பன் விட்டுப்போன பழைய படகின் எஞ்சினை ஒரு பெண்பிள்ளை திருத்தப் பார்க்கிறாள். அது இருமி இருமி நின்றுபோகிறது. என் வாய் சும்மா இருக்கவில்லை. "பிளக்க கழட்டிப் பாரு, கரி புடிச்சிருக்கும்" என்றேன். நான் சொல்லி வாயை மூடவில்லை, அந்தப் பிள்ளை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். கரி. நான் தொடையில் தட்டிய சத்தத்தில் நடுவர் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

அதன் பிறகு யாருக்குத் தூக்கம் வரும்? அவள் ஊதித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நட்டை முறுக்கும்போது ஸ்பெனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. எத்தனை தடவை எனக்கு அப்படி உரிந்திருக்கிறது. அடிபட்ட கையைச் சட்டென்று கக்கத்தில் செருகிக்கொண்டாளே, அதைக்கூட வரைந்திருந்தார்கள். "நிறுத்து, திரும்பப் போடு" என்றேன். பெரியவள் திரும்பப் போட்டாள். மூன்று தடவை பார்த்தேன். படகு கடைசியில் கிளம்பியபோது நானும் மனைவியும் சேர்ந்து கைதட்டினோம். சின்னவள்தான் பாவம், திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "போட் போயிருச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் அதுதான் பேச்சு. பிளக் வாங்க வந்தவனையெல்லாம் நிறுத்திக் கதை சொன்னேன். ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. போட்டியில் ஒன்று வென்றாகிவிட்டது என்ற சந்தோஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு நான் தோற்றிருக்க வேண்டியது. வெளியே மழை, ஜன்னல் வரை பனிமூட்டம், வயிற்றில் மறுபடியும் எருமைத் தயிர். படத்திலும் மழை. ஒரு மலை வீடு, ஒரு பூனை, அடுப்பில் ஒரு கேத்தில். யாரும் எதுவும் செய்யவில்லை. என் கண் தானாகச் சொருகியது. "ஒண்ணு" என்றாள் சின்னவள். எனக்குக் கேட்டது, ஆனால் இமையைத் தூக்கமுடியவில்லை. "ரெண்டு. மூணு." அப்போது பெரியவள், படத்தில் வரும் பெண்ணின் குரலில், "இந்த மலை முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்வது கேட்டது. என் அம்மா தினமும் சொன்ன பேச்சு அது. கண்ணைத் திறந்தேன்.

திரை முழுக்கத் தேயிலை. நம் மலை போல் இல்லை, பாய் சுருட்டி அடுக்கியதுபோல் வரிசை வரிசையாக வெட்டியிருந்தார்கள். ஒரு பெண் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டு, புறங்கையை இடுப்பில் வைத்து, மெதுவாக நிமிர்ந்தாள். நிமிர்ந்து முடித்த பிறகும் ஒரு விநாடி அப்படியே நின்று, அப்புறம்தான் மூச்சு விட்டாள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஜப்பானில் ஒருவர் உட்கார்ந்து என் அம்மாவின் முதுகு வலியை வரைந்திருக்கிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "அம்மா, அப்பா அழுறாரு. அது தூங்குறதுல சேருமா?" என்று நடுவர் கேட்டாள். சேராது என்று தீர்ப்பாகியது.

மூன்றாவது ஞாயிறு நானே முதலில் கதிரையில் போய் உட்கார்ந்தேன். தயிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது ஒரு பள்ளிக்கூடத்து அஞ்சலோட்டப் படம். ஒன்றும் வெல்லாத சின்னப் பள்ளிக்கூடம், சண்டை போட்டுக்கொள்ளும் நான்கு பிள்ளைகள், கடைசி ஓட்டக்காரி முழங்காலில் கட்டுப் போட்டவள். எனக்கு ஒன்றைச் சொல்லவேண்டும்: போட்டி என்று வந்துவிட்டால் என்னால் உட்கார்ந்து பார்க்கமுடியாது. கிரிக்கெட் நாட்களில் கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போவார்கள்.

கடைசி ஓட்டம் தொடங்கியது. முதல் பிள்ளை நன்றாக ஓடினாள். இரண்டாமவள் கோலைத் தவறவிட்டாள். "எடு, எடு, குனிஞ்சு எடு" என்று நான் எழுந்துவிட்டேன். மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். மூன்றாமவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரை முந்தினாள். முழங்காலில் கட்டுப் போட்டவள் பின்னால் கையை நீட்டிக் காத்திருக்கிறாள், அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் வந்தது. பெரியவள் ரிமோட்டை எடுத்தாள். "நிறுத்தாத" என்று நானும் மனைவியும் ஒரே குரலில் கத்தினோம். வீடு அதிர்ந்தது, ஒரு பேச்சும் கேட்கவில்லை. ரயிலின் இரைச்சலுக்குள் அந்தப் பிள்ளை ஓடினாள், நான் அதற்கு மேல் கத்தினேன், மனைவி தலையணையைப் போட்டு அடித்தாள். நெஞ்சை முன்னால் தள்ளி அவள் முடிவுக் கோட்டைத் தொட்டபோது நான் பெரியவளைத் தூக்கிவிட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை, என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு சிங்கள அக்கா வேலிக்கு வந்து, யாருக்கு என்ன ஆனது என்று கேட்டுவிட்டுப் போனார்.

வரைந்தவர்களின் பெயர்கள் திரையில் மேலே போய்க்கொண்டிருந்தன, முடிகிற மாதிரித் தெரியவில்லை. நடுவர் முக்காலியில் ஏறி நின்றாள்.

"அப்பா தூங்கல. மூணுலயும் தூங்கல. அப்பாதான் வின்."

பெரியவள் டிவியை அணைத்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பு முழுதாகப் போகவில்லை. "சரிப்பா" என்றாள். "நான் பயோ எடுக்கிறேன்."

பெறுபேறு வந்ததிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. கேட்டதும் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. எஞ்சின், தேயிலை மலை, ஓட்டப்போட்டி. ஸ்பெனர் பிடித்தவனுக்கு, கொழுந்து பறித்தவளின் மகனுக்கு, கிரிக்கெட் பைத்தியத்துக்கு. மூன்றும் எனக்கென்றே பொறுக்கியவை என்பது ஏன் இவ்வளவு நேரம் விளங்கவில்லை என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஏன்டி, தூங்க வைக்கிற மாதிரி அறுவப் படம் ஒண்ணுமா கெடைக்கல ஒனக்கு? தேடிப் பிடிச்சு இதையெல்லாம் ஏன் போட்ட?"

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "தூங்கிட்டீங்கன்னா படத்தப் பாக்கமாட்டீங்களேப்பா."

அவளுக்கு வெல்வது முக்கியமாக இருக்கவில்லை, நான் பார்ப்பதுதான் வேண்டியிருந்தது. அதற்காகத் தன் ஆசையை முழுதாக வைத்துத் தோற்றிருக்கிறாள். பிறகு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"நான் தூங்கிட்டேன்" என்றேன்.

"எப்ப?" என்றாள் பெரியவள்.

"ரெண்டாவது படத்துல. தேயிலை மலை வந்த எடத்துல."

"பொய்" என்று சின்னவள் அலறினாள். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணுதான் எண்ணுனேன். அப்பா பொய் சொல்றாரு."

என் மனைவி தலையணையை உதறிக் கட்டிலில் போட்டாள். "தூங்குனாரு. கொறட்ட எனக்குக் கேட்டுச்சு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

பெரியவளின் கையிலிருந்த பாய் பாதிச் சுருளில் நின்றது. "அந்த எடத்துல நீங்க அழுதீங்கப்பா" என்றாள். "நான் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஆமா" என்றேன். "அழுதுக்கிட்டே தூங்கிட்டேன்."