ஒரு ரூபாயை ஏற்காத பக்கம்

நான் வேலை பார்க்கும் கடையில், பில் போட்டு முடித்ததும் கார்டு மெஷின் ஒரு கேள்வி கேட்கும். நான்கு யூரோ அறுபது சென்டுக்கு ஒருவர் ஸ்வெட்டர் எடுத்திருப்பார். ஐந்து யூரோவாக ஆக்கிக்கொள்ளலாமா, மீதி தர்மத்துக்குப் போகும் என்று திரையில் எழுத்து வரும். வந்தவர் அதைப் படித்த மாதிரியே தெரியாது. பேசிக்கொண்டே பச்சைப் பொத்தானைத் தட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். யார் பேரில் என்று சொல்ல வேண்டாம், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். கொடுத்தவர் முகத்தில் கொடுத்த களையும் இருக்காது. அயர்லாந்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மழைக்குப் பழகிவிட்டேன், குளிர்காலத்தில் நாலரை மணிக்கே விளக்குப் போடுவதற்கும் பழகிவிட்டேன். இந்தப் பச்சைப் பொத்தானுக்கு மட்டும் பழக முடியவில்லை.

என் வீட்டுக்காரர் அல்லிநகரத்துக்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவள், ஆளைக் கண்டால் ஒதுங்குகிற ரகம். முதல் வருஷம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தேன். பிறகு பக்கத்துத் தெருவில் இருந்த சாரிட்டி ஷாப்புக்குப் போக ஆரம்பித்தேன். ஜனங்கள் கொடுக்கும் பழைய துணிமணிகளை விற்று, அந்தக் காசில் முதியோர்களுக்கு உதவி செய்கிற கடை அது. துணியைத் தரம் பிரித்து, ஆவியில் தேய்த்து, விலைச்சீட்டு மாட்டுகிற பின்னறை வேலையைத்தான் கேட்டு வாங்கினேன். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஆள் குறைந்த நாட்களில் மட்டும் மொரீன் என்னைக் கல்லாவில் நிறுத்துவாள். மொரீன்தான் கடையைப் பார்த்துக்கொள்பவள். அறுபது வயதிருக்கும். கடையின் ஆன்லைன் வசூலும் அவள் பொறுப்புதான். என்னை "லவ்" என்று கூப்பிடுவாள். முதல் தடவை கேட்டபோது கதவுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

போன வைகாசியில் என் தங்கை செல்வி போன் பண்ணினாள். அவள் தேவாரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள், திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. அவள் மகள் தாரணிக்குப் பன்னிரண்டு வயது, மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு வராது, ஆனால் வேன் சத்தம் கேட்டால் மட்டும் செருப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக ஜெயந்தி டீச்சர் என்பவர் ஒரு பள்ளி நடத்துகிறார். சின்ன டிரஸ்ட், ஒரே ஒரு வேன். அந்த வேன்தான் ஊர் ஊராகப் போய்ப் பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றி வருகிறது.

"எக்கா, வேனுக்கு ஆடியோட எஃப்.சி. முடியுதாம்" என்றாள் செல்வி. "இனிமே இது ரோட்டுல ஓடக் கூடாதுன்னுட்டாக. வேற பழைய வேன் ஒண்ணு போடியில இருக்காம். அதுக்கு டீச்சர் ஆன்லைன்ல கேட்டிருக்காக. ஒனக்கும் வந்துச்சா?"

வந்திருந்தது. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வெளிநாடு போனவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. மஸ்கட், சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருப்பவர்கள். கல்யாணம் காட்சிக்கு வாழ்த்து, பெரியாற்று அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேச்சு. அந்தக் குழுவில் டீச்சர் அனுப்பிய சுட்டி வந்தபோது எல்லாரும் கும்பிடுகிற கையைப் போட்டார்கள். நானும் போட்டேன்.

"வேன் நின்னா நான் வேலைக்குப் போக முடியாதுக்கா. இவளை வீட்டுல பூட்டிட்டா போக முடியும்? எல்லாரும் கும்பிடு போட்டாகளே தவிர ஒருத்தரும் காசு போடலை. நீயாச்சும் போட்டியா?"

"போட்டாச்சு" என்றேன்.

பொய். போடவில்லை. ஆனால் போடப் பார்க்காமல் இல்லை. சுட்டி வந்த அன்றே ஊர் பாங்க் கணக்கிலிருந்து அனுப்ப உட்கார்ந்தேன். பக்கம் முழுக்க இங்கிலீஷ். ஐந்நூறு, ஆயிரம், ஐயாயிரம் என்று மூன்று கட்டம், அதன் கீழே வேறு தொகை எழுத ஒரு கட்டம். ஐயாயிரத்தின் மேல் விரலை வைத்தேன், அழுத்த மனம் வரவில்லை. கீழ்க் கட்டத்தில் ஐயாயிரத்து ஒன்று என்று எழுதினேன். உடனே சிவப்பாக ஒரு வரி வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி சிவப்பு. நாம்தான் ஏதோ தப்பாக எழுதுகிறோம், காசு எங்கேயாவது போய்விடப் போகிறது என்று பயந்து மூடிவிட்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் கொடுக்க முடியவில்லை என்று எங்கள் ஊரில் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கொடுக்க மனசில்லை, சாக்குச் சொல்கிறாள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு ரூபாயை விட்டுவிட்டால்தான் என்ன என்று கேட்பீர்கள். நான் ஆறாவது படித்தபோது பள்ளிக்கூடத்துக்குப் புது வகுப்பறை கட்ட ஹெட்மாஸ்டர் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டில் பத்து ரூபாய் நோட்டு தயாராக இருந்தது, ஒரு ரூபாய்க் காசு இல்லை. அம்மா சீரக டப்பா, கடுகு டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாள். என்னைக் கடைக்கு விரட்டினாள், கடை பூட்டிக் கிடந்தது. அவர் நின்றுகொண்டே, "பத்தே போதும்மா, குடுங்க" என்றார். அம்மா நோட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "என்ன சார், பள்ளிக்கூடம் கட்டுறீகளா, கேதம் நடத்துறீகளா? சைபர்ல குடுத்து அனுப்ப?" என்றாள். சாவு வீட்டைத்தான் நாங்கள் கேத வீடு என்போம். அங்கே கொடுக்கிற காசுக்கு மட்டும் ஒன்று சேர்க்க மாட்டோம், அதோடு முடிந்தது என்று அர்த்தம். கடைசியில் ஹெட்மாஸ்டரே தன் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அம்மாவுக்குக் கைமாற்றாகக் கொடுக்க, அம்மா அதை நோட்டோடு சேர்த்து அவரிடமே கொடுத்தாள். அவர் வாங்கி ரசீதும் போட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள் கழித்து செல்வி மறுபடி பேசினாள். "லிஸ்ட்டுல ஒங்க அக்கா பேரைக் காணமேன்னு டீச்சர் கேட்டாக. அவ பேர் போடாம குடுத்திருப்பான்னு சொல்லிட்டேன்" என்றாள். சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்காக அவள் சமாளித்ததுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சரின் சுட்டியைக் காட்டி மொரீனிடம் போனை நீட்டினேன். நானாக அவளிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் திறந்தாள்.

"இந்த மனுஷர் யார்?" முதல் படத்தில் ஒருவர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கட்டடம் திறந்து வைத்தவர்."

"குழந்தைகள்?"

"கடைசியில் இருக்கிறார்கள்."

"வேன்?"

வேன் படமே இல்லை. மொரீன் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பிறந்த தேதி, முகவரி, வருமான வரி எண் என்று பக்கம் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "இதெல்லாம் வேண்டியதாகவே இருக்கட்டும், காசு வந்த பிறகு கேட்கலாமே. கொடுக்க வருகிறவருக்கு மனசு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், லவ். அதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்றாள். நான் என்ன எழுதினேனோ அதையே எழுதிக்காட்டச் சொன்னாள். ஐயாயிரத்து ஒன்று எழுதினேன், சிவப்பு வரி வந்தது. "நூறு நூறாகத்தான் ஏற்குமாம்" என்று படித்துச் சொன்னாள். "அது சரி, ஒன்று எதற்கு? பாங்க் கட்டணமா?"

"இல்லை."

"வரியா? அந்த ஒரு ரூபாய் யாருக்குப் போகிறது?"

யாருக்கும் போகவில்லை என்பதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சைபர் செத்தவர்களுக்கு என்றேன். மொரீன் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அந்த மூன்று கட்டங்களையும் மறுபடி பார்த்தாள். "அப்படியானால் இந்தப் பக்கம் உங்கள் ஜனங்களிடம் சாவுக் காசு கேட்டுக்கொண்டிருக்கிறதா? இதை அவர்களிடம் யாராவது சொன்னீர்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவள் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டு, உங்கள் நாட்டில் பெண்கள் சொல்லக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அம்மாவை அவள் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கே பின்னறையில், கோட்டுகள் தொங்குகிற வரிசைக்கு நடுவில் நின்று, குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். நான்கு தடவை பேசி அழித்து, ஐந்தாவதை அனுப்பினேன். "நான் இன்னும் டீச்சருக்குக் காசு போடலை. ஐயாயிரத்து ஒண்ணு போட்டேன், சிவப்பா எழுத்து வந்துச்சு. பயந்து மூடிட்டேன். செல்விகிட்ட போட்டாச்சுன்னு பொய் சொல்லிட்டேன். வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சா?" அனுப்பிவிட்டுப் போனைத் துணி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன். கால் மணி நேரம் தொடவில்லை.

எடுத்துப் பார்த்தபோது முதலில் மஸ்கட்டில் இருக்கும் என் கொழுந்தன் முருகேசன். "மைனி, ஒங்களுக்குமா? நான் ஆயிரத்து ஒண்ணு போட்டேன், வாங்க மாட்டேன்னுருச்சு. நமக்கு இங்கிலீஷ் வரலைன்னு கம்முன்னு இருந்தேன்." அடுத்தது சிங்கப்பூரில் இருக்கும் சரசு சித்தி. "ஏத்தா, நான் மூணு நாளா அதோட மல்லுக்கட்டுறேன். எம் மருமக வேற, ஒரு ரூபாயைக் கழிச்சுருங்க அத்தைங்கா. புள்ளைக ஏறுற வண்டிக்குச் சைபர்லயா குடுப்பாக?" அதற்கு முருகேசன், "சித்தி, மூணு நாளா மல்லுக்கட்டினீகளே, ஒரு நாளாச்சும் வாயைத் தொறந்தீகளா?" என்றான். "நீ மட்டும் தொறந்தியாக்கும்?" என்றாள் சித்தி. அப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், எல்லாருக்கும் சிவப்பு வந்திருக்கிறது, எல்லாரும் தன் தப்பு என்று நினைத்து மூடியிருக்கிறார்கள்.

கடைசியாக செல்வி கூப்பிட்டாள். அவளுக்கு விஷயம் போய்விட்டிருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நீ பொய் சொல்றன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள். "எப்பவும் எதைக் கேட்டாலும் 'ம்'முனுதான் சொல்லுவ. அன்னைக்கு வார்த்தையா பதில் சொன்ன."

பிறகு நடந்ததை எல்லாம் செல்விதான் நடத்தினாள். தோட்ட வேலை முடித்து நேராக டீச்சரிடம் போனாள். டீச்சர், அந்த ஆன்லைன் பக்கத்தைச் செய்துகொடுத்த சென்னைப் பையனைப் போனில் பிடித்தார். முழுத் தொகையாக இருந்தால்தான் கணக்குக்கு வசதி என்றானாம் அவன். "தம்பி, ஒங்க கணக்குக்கு வசதியா இருக்கு, ஆனா கணக்குல காசே இல்லையே" என்றாளாம் செல்வி. ரிப்பன் படத்தை எடுக்கத்தான் டீச்சருக்கு மனமில்லை, பெரிய மனிதர் வருத்தப்படுவார் என்று தயங்கினார். "ரிப்பன்லயா டீச்சர் புள்ளைக ஏறி வருது?" என்று கேட்டு அதையும் எடுக்க வைத்தாள். முதல் படமாக, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேனைப் பார்த்து நிற்கும் தாரணி வந்தாள். எழுத்து தமிழுக்கு மாறியது. கட்டங்களில் நூற்று ஒன்று, ஐந்நூற்று ஒன்று, ஆயிரத்து ஒன்று. வரி எண் கேட்பது கடைசிக்குப் போனது. நான் சொல்லி ஒன்றே ஒன்று சேர்த்தார்கள்: கொடுப்பவரின் ஊர் எது என்று ஒரு கட்டம். காசு வந்ததும் டீச்சர் அந்த ஊர்ப் பேரையும் ஆளின் பேரையும் சொல்லி, வேன் எந்த நிலையில் இருக்கிறது என்று தன் குரலில் ஒரு பதிவு அனுப்புவார். சரசு சித்தி தனக்கு வந்த பதிவைக் குழுவில் நான்கு முறை போட்டாள். அதைக் கேட்டு, ஊரை விட்டுத் தூரமாகப் போய்விட்ட அவள் அண்ணன் மகன்கள் மூன்று பேரும் கொடுத்தார்கள்.

ஆடி பிறப்பதற்கு முன் வேன் வந்துவிட்டது. செல்வி அனுப்பிய வீடியோவில் சாரல் காற்று இரைகிறது. வெள்ளை வேன், பக்கத்தில் பழைய கம்பெனிப் பெயரை அழித்த தடம் இன்னும் தெரிகிறது. புது வேனின் சத்தம் தாரணிக்குப் பழக்கமில்லை. வாசலிலேயே நிற்கிறாள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்ததும் உள்ளே ஓடிப்போய்ச் செருப்போடு வருகிறாள். ஏறுகிறாள். கதவைச் சாத்துகிறார்கள். அதற்குப் பிறகு செல்வியின் குரல் மட்டும், "எக்கா, நான் கெளம்புறேன், திராட்சைப் பந்தலுக்கு நேரமாச்சு" என்று. கடையின் பின்னறையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பல வாரமாகக் கழுத்தில் இருந்த பாரம் இறங்கியதில் பசி எடுத்தது. மத்தியானத்துக்குக் கொண்டுபோன சோற்றைப் பதினோரு மணிக்கே தின்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் கடையில் எனக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்தேன், ஆறு யூரோ முப்பது சென்ட். மொரீன் பில் போட்டாள். மெஷின் கேட்டது. முதல் தடவையாகப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஏழும் அதற்குப் பக்கத்தில் இரண்டு சைபரும் நின்றன. நான் நகரவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு யூரோக் காசை எடுத்து, கல்லாவின் ஓரத்தில் இருந்த உண்டியல் டப்பாவில் போட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.

"அதான் மெஷினிலேயே கொடுத்துவிட்டாயே, லவ்" என்றாள் மொரீன்.

"ஆமாம்" என்றேன். "அது இந்த ஊர் முறைக்கு."