மெல்லிய சத்தத்துக்கு எந்த பிரைமர்?

பர்மாவில், கியாக்டடா பேட்டையில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் படப்பிடிப்பு. வில்லன் பெரிய ரிவால்வரால் நாயகியை மூன்று முறை சுட வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் என் பொறுப்பு. அனுமதி பெற்ற ரிவால்வர், குழாய் அடைத்திருக்கும். தோட்டாவில் குண்டு கிடையாது, புகையும் சத்தமும்தான். அதை பிளாங்க் என்போம்.

காலையிலேயே இயக்குநர் டோ மீனா என்னிடம் வந்தார். அவர் அப்பா தமிழர், அம்மா பர்மியர். டோ, கோ, மா எல்லாம் அங்கே பெயருக்கு முன் வரும் மரியாதைச் சொற்கள்.

"கோ காதர், கீழ்வீட்டு ஹாஜியாருக்கு இருதயக் கோளாறாம். மருமவ வந்து அழுவுது. சத்தத்தக் கொறைக்க முடியுமா?"

"சத்தத்த அப்புறமா சேத்துக்கலாமே, சயாமா?" என்றேன். சயாமா என்றால் டீச்சரம்மா; அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சும்மா துப்பாக்கியக் குடுத்தா கோ ஜோவுக்கு நடிப்பு வராது. பொகை வேணும், கை ஆடணும்."

கோ ஜோதான் வில்லன். ஆள் மலை மாதிரி. வெடிச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

பிளாங்கை நானேதான் நிரப்புவேன். வெடிமருந்தைக் குறைத்ததும் சந்தேகம் வந்தது. அவ்வளவு பெரிய தோட்டாக் கூட்டில் துளி மருந்து எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும், பற்றாமல் போனால்? பற்றவைப்பது கூட்டின் பின்புறம் பதிக்கும் சின்ன மூடி, பிரைமர். அதில் சாதாரணமும் உண்டு, காரமானதும் உண்டு. காரமானதைப் போட்டேன். மொட்டைமாடியில் ஒன்றைச் சுட்டுப் பார்த்தேன். பூனை தும்மியதுபோல் இருந்தது. திருப்தியாக இறங்கி வந்தேன்.

"ஆக்‌ஷன்!"

முதல் தோட்டா 'டப்'. நாயகியாக நடித்த மா திரி என்ற பெண் தள்ளாடினாள். கோ ஜோ மறுபடி அழுத்தினார். விசை அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மா திரி கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு தானாகவே தொப்பென்று விழுந்தாள்.

"சுடவே இல்லியே, ஏன் விழுந்த?" என்றார் டோ மீனா.

"அவரு மூஞ்சியப் பாத்தே செத்துட்டேன், சயாமா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சாயங்காலத்தோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் அங்கே கல்யாணம்.

தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரை மெல்ல அசைத்துத் திறந்தேன். சுட்ட தோட்டாவின் பிரைமர் பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. அது சிலிண்டருக்குப் பின்னாலுள்ள தகட்டில் முட்டி சிலிண்டரைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கிறது. மருந்து முழு அளவில் இருந்தால் தோட்டாக் கூடும் பின்னால் வந்து மோதி பிரைமரைத் திரும்ப உள்ளே அழுத்திவிடும். துளி மருந்துக்கு அந்த வலு ஏது? காரமான பிரைமர் தன் வேகத்திலேயே வெளியே வந்து, வந்த இடத்தில் நின்றுவிட்டது.

சாதாரண பிரைமர் போட்டுப் புதிதாக நிரப்பினேன். இந்தத் தடவை மொட்டைமாடியில் சிலிண்டர் நிறையப் போட்டு, அத்தனையையும் வரிசையாகச் சுட்டேன். எல்லாம் பற்றின, சிலிண்டரும் தடங்கலில்லாமல் சுற்றியது.

அடுத்த டேக்கில் மூன்றும் வெடித்தன. மா திரி முறைப்படி செத்தாள். கோ ஜோ மூன்று தடவையும் கண்ணை மூடினார்; டோ மீனா, "யாபாடே, பரவால்ல, கொலகாரனுக்கும் மனசாட்சி இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

கதவு தட்டும் சத்தம். திறந்தால், மருமகள் தோளைப் பிடித்தபடி மூச்சு வாங்க ஹாஜியார்.

"யாருப்பா அது, மேல வந்து மூணு தரம் தும்முனது? சளி புடிச்சிருந்தா இஞ்சித் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். மருந்தைக் குறைத்தால் பிரைமரையும் மாற்றி யோசியுங்கள். ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்காதீர்கள். முதல் தோட்டா எப்போதும் வெடிக்கும், இரண்டாவதில்தான் விஷயம் தெரியும்.