நாள் பார்த்தேன், மாதம் பார்க்கவில்லை

படப்பை தாண்டி இருந்த கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் அதை மூடிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் யாரிடம் போய்க் கைகட்டி நிற்பது? தாம்பரத்தில் ஒரு பேக்கரியில் மூன்று மாதம் மாவு பிசைந்து தொழில் கற்றுக்கொண்டு, மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையிலேயே கடை போட்டேன். தீபாவளிக்குள் கடை காலூன்றவில்லை என்றால் மறுபடி வேலை தேடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஜோசியரிடம் நாள் பார்த்தேன், நேரம் பார்த்தேன். மாதத்தைத்தான் பார்க்கவில்லை. திறந்தது புரட்டாசி சனிக்கிழமை. கண்ணாடிக்குள் பெருமையாக அடுக்கி வைத்தது அறுபது முட்டை பப்ஸ்.

வெஜ் பப்ஸும் பன்னும் பதினோரு மணிக்கே காலி. முட்டை பப்ஸ் பக்கம் ஒரு கை நீளவில்லை. நெற்றியில் நாமத்தோடு வந்து, "முட்டை போடாதது எதுண்ணா?" என்றே கேட்டார்கள்.

"ஏங்க, நீங்களே இந்த மாசம் முட்டை தொடறதில்ல. வேற யார் தொடுவாங்க?" என்றாள் மனைவி. வீட்டில் விரதம், கடையில் முட்டை. இரண்டையும் சேர்த்து யோசிக்க இந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரில் தையல் கடை வைத்திருந்த பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "நமக்கு ஏது சார் புரட்டாசி? ஒண்ணு குடுங்க." வாங்கிக் கடித்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னா சார் இது, உப்பே இல்லியே! வாயில வச்சுப் பாக்கலியா?"

எப்படிப் பார்ப்பேன்? விரதமாயிற்றே! எல்லாம் விற்றிருந்தால் முதல் நாளே என் பெயர் நாறியிருக்கும். காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த புரட்டாசியை மனதுக்குள் கும்பிட்டேன். மீதி பப்ஸ் தெரு நாய்களுக்குப் போயின. அவை குறை சொல்லவில்லை.

அதன்பின் மாதம் முழுக்கத் தினமும் இரண்டே இரண்டு முட்டை பப்ஸ் செய்தேன், பாய்க்காக மட்டும். காரம் தூக்கல், வெங்காயம் வதங்கவில்லை, மேலே இன்னும் மொறுமொறுப்பு வேண்டும் என்று குறை சொல்லிக்கொண்டே தின்றார். நாலாவது வாரம் ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது கேட்டார்.

ஐப்பசி முதல் தேதி காலையில் கடை வாசலில் கூட்டம். ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் அல்லவா! முதல் பப்ஸை நானே எடுத்துக் கடித்தேன்.

"உப்பு கரெக்டா கீதா சார்?" என்று எதிர்க்கடையிலிருந்து பாய் கத்தினார். வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று மாலை மனைவி ஓர் அட்டையில் எழுதி, என்னைக் கேட்காமலே கடை வாசலில் தொங்கவிட்டாள்: "தீபாவளிக்கு ஆர்டர் எடுக்கிறோம்."