மாப்பிள்ளை அனுப்பிய சீட்டு

எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கிய அந்த இசைக்குழுவுக்கு என்னைவிடப் பெரிய ரசிகன் கிடையாது. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் சொல்லிச் சொல்லிக் காது புளித்துப்போனவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டதுதான்.

காலையில் திருநின்றவூரில் ரயில் ஏறியதும் காதில் மாட்டிக்கொள்வேன். டிரம்ஸ் இடிக்கும், கிடார் அலறும், பாடகர் இந்தச் சமுதாயத்தை அம்பத்தூர் வரும்வரை நிறுத்தாமல் திட்டுவார். இறங்கும்போது எனக்கு யாரையாவது நாலு சாத்து சாத்த வேண்டும்போல இருக்கும். அப்படியே கொதித்துக்கொண்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய், கம்பெனி வாசலில் கார்டைத் தேய்த்து, மேனேஜரைப் பார்த்ததும் "குட் மார்னிங் சார்" என்பேன். புரட்சி மறுநாள் ரயிலில் தொடரும்.

என் மனைவிக்கு இந்த இசை ஞானமெல்லாம் கிடையாது. அவளிடம் இருந்தது மொத்தமே நாலு வரி. துணி மடிக்கும்போதும் மீன் கழுவும்போதும் எந்தப் படத்திலும் வராத ஒரு மெட்டை முனகுவாள். வார்த்தைகூடப் பாதி கிடையாது. ஏரி என்று வரும், மழை என்று வரும், மிச்சமெல்லாம் 'ம்ம்ம்'தான். நாலாவது வரி முடிந்ததும், நடுரோட்டில் வண்டி நின்ற மாதிரி நின்றுவிடுவாள். கல்யாணமாகிப் பதினோரு வருடமாக இதேதான்.

"இது என்ன பாட்டுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்களேன். ஒருவாட்டி முழுசா கேட்டா போதும் எனக்கு."

"அப்படி ஒரு பாட்டே கெடையாது. நீயா இட்டுக்கட்டுற."

"நம்ம ரிசப்ஷன்ல பாடுனாங்க."

"நம்ம ரிசப்ஷன்ல பாடுனது பூரா குத்துப் பாட்டு. நான் ஆடுனது மறந்துபோச்சா?"

பாட்டு விஷயத்தில் என்னிடம் மேல்முறையீடு கிடையாது. அவளும் வருடத்துக்கு இரண்டு முறை கேட்பாள், நான் வருடத்துக்கு இரண்டு முறை தள்ளுபடி செய்வேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாடகரின் பேட்டி ஒன்று இணையத்தில் வந்தது. குழு ஆரம்பித்த கதையைக் கேட்டார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"முதல்ல நாங்க இப்படிப் பாடலைங்க. ஆவடி, பூந்தமல்லி பக்கம் கல்யாண ரிசப்ஷன்ல லைட் மியூசிக் பண்ணிட்டிருந்தோம். சினிமாப் பாட்டுக்கு நடுவுல எங்க சொந்தப் பாட்டு ஒண்ண சொருகுவோம். கீபோர்டும் புல்லாங்குழலும் மட்டும்தான், தாலாட்டு மாதிரி இருக்கும். ஒரு கல்யாணத்துல நாலு வரிதான் பாடியிருப்பேன். மாப்பிள்ளை சீட்டு அனுப்பிட்டாரு. 'இது கல்யாண வீடா, இழவு வீடா? குத்துப் பாட்டு போடவும்'னு. அன்னிக்கு விட்டதுதான் அந்த மாதிரிப் பாட்டு. ரெக்கார்டும் பண்ணலை. எனக்கே இப்ப மறந்துபோச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. என் குழு தாலாட்டுப் பாடியதா? அதை ஒருத்தன் நிறுத்தினானா? உடனே கீழே கமெண்ட் போட்டேன்: "ரசனை கெட்ட ஜென்மம். இவனுக்கெல்லாம் கல்யாணம் ஒரு கேடா?" லைக்குகள் குவிந்தன. "அவனுக்கு வாக்கப்பட்டவ பாவம்" என்று ஒரு பெண் பதில் எழுதியிருந்தார். அதற்கு நான் ஹார்ட் போட்டேன்.

பெருமை தாங்காமல் பேட்டியையும் கமெண்டையும் மனைவியிடம் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கடைசிவரை பார்த்தாள். பிறகு, "ஏங்க, அது நீங்கதானே?" என்றாள்.

"எது?"

"இழவு வீடான்னு எழுதுனது. கிஃப்ட் கவர் மேல. உங்க சித்தப்பாகிட்ட பேனா வாங்கி. அன்னிக்கு ராத்திரி நீங்களேதான் சொல்லிச் சிரிச்சீங்க."

எங்கள் பக்கத்து ரிசப்ஷனில் பாடுகிறவர்களுக்குச் சீட்டு அனுப்புவது பிறப்புரிமை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வருகிறவர்கூட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பிடிப்பார். அதிலும் மாப்பிள்ளை சீட்டு என்றால் அதற்கு மறுபேச்சே கிடையாது. அன்றைக்கு நான் எந்தச் சீட்டும் எழுதவில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தேன். அவள் பீரோவின் அடித்தட்டிலிருந்து கல்யாண டிவிடியை எடுத்து வைத்தாள்.

டிவிடி பிளேயர் செத்துப் பல வருடம் ஆகிறது. மண்ணூர்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கி, அடுத்த ஞாயிறு மத்தியானம் டிவியில் செருகினேன். என் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

ஆவடி மண்டபம். வாடகைக் கோட்டுக்குள் நான். ஃபேக்டரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, குவார்ட்டர்ஸ் சனம் மொத்தத்தையும் போட்டோவுக்கு வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கிறார். கேமரா திரும்புகிறது. பளபளக்கும் ஊதா ஜிப்பாக்களில் ஐந்து பேர். நடுவில் தாடி இல்லாமல், குச்சியாக, அவர்தான். நான் கும்பிடும் தெய்வம் என் கல்யாணத்துக்கே வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஒருத்தர் புல்லாங்குழலை எடுக்க, இவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறார்.

வந்தது ஒரு சினிமா டூயட். எங்கள் வீடியோக்காரர் கலைஞர் அல்லவா, மண்டபத்துச் சத்தத்தையெல்லாம் துடைத்துவிட்டு முழுக் கல்யாணத்துக்கும் அந்த ஒரே டூயட்டை ஒட்டி வைத்திருந்தார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தேன். திரையில் அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அப்போது பக்கத்தில் இவள் முனக ஆரம்பித்தாள். ஏரி என்றாள், அவர் உதடும் ஏரி என்றது. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் இவளும் வாங்கினாள். இத்தனை வருடம் மிக்ஸி சத்தத்தோடு சத்தமாக என் காதில் விழுந்துகொண்டிருந்த பாட்டை அன்றைக்குத்தான் கேட்டேன். யாரையும் திட்டாத பாட்டு. அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

திரையில் கல்யாணப் பெண், போட்டோக்காரர் கையைக் கையை ஆட்டியும் அவர் பக்கம் பார்க்காமல், பாடுகிறவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மாப்பிள்ளை சித்தப்பாவைக் கூப்பிடுகிறான். சித்தப்பா பேனாவை நீட்டிக்கொண்டே காதில் என்னவோ சொல்கிறார். அது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. "இன்னா நைனா, அழுதுகினு கீறான் அவன்? மாத்தச் சொல்லு." மாப்பிள்ளை கிஃப்ட் கவர் ஒன்றை அவள் முதுகில் வைத்து, அவசர அவசரமாக எழுதுகிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தப்பா சீட்டோடு போகிறார். பாடகர் கண்ணைத் திறந்து, வாங்கிப் படித்துவிட்டு, என் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் இவள் நாலாவது வரியை முடித்து நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் உங்க சீட்டு வந்துடுச்சுங்க" என்றாள்.