ரஷீத் செய்த பாதாம் கடல்பாசி

ராசிபுரத்து ரஷீத் இருபத்திரண்டு வருடம் போர்வெல் ரிக் வண்டியில் சமையல்காரராக இருந்தவர். ராஜஸ்தான் மணலிலும் சத்தீஸ்கர் காட்டிலும் பன்னிரண்டு பேருக்குத் தனி ஆளாகப் பொங்கிப் போட்டிருக்கிறார். முதுகுவலியோடு ஊர் திரும்பியதும் வீட்டு அடுப்பையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மனைவி ஷஹர்பானு இரண்டு மாதம் முறைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் விட்டுவிட்டாள்.

மகள் தஸ்னீமைப் பேசி முடிக்க, நாமகிரிப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. ஷஹர்பானுவுக்கோ மூன்று வருடமாகச் சர்க்கரை வியாதி.

"நம்ம ஊட்டு விசேஷத்துல நீ தொட முடியாத இனிப்பு எதுக்கு?" என்றார் ரஷீத். "பாதாம் அரைச்சுக் கடல்பாசி பண்றேன். சக்கரையே கிடையாது. பேரீச்சம்பழம் நாலே நாலு. ஒரு சின்னத் துண்டு நீ சாப்பிடலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு."

"ஏனுங்க, வர்றவங்க நெய் மணக்க அல்வா இருக்கும்னு நெனைப்பாங்க. சப்புன்னு ஒண்ணை வெச்சா நம்மளக் கஞ்சம்னு சொல்ல மாட்டாங்களா?"

"பாதாம் என்ன வெல விக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

சனிக்கிழமையே செய்து பார்த்தார். ஊறவைத்த பாதாமைத் தோல் நீக்கி, பேரீச்சம்பழம், ஏலக்காயோடு வழுவழுப்பாக அரைத்தார். ஆறினால் கெட்டியாக உறைகிற உலர்ந்த கடல்பாசியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கரைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே அதில் ஊற்றினார். ஜில்லென்ற பால் பட்டதும் கடல்பாசி நூல் நூலாகத் திரிந்துபோயிற்று.

"அல்வாவுக்கே சொல்லிரலாமுங்களா?" என்றாள் ஷஹர்பானு.

ரஷீத் சிரித்தார். "இருநூறு அடியில தண்ணி வரலீன்னா ரிக்கைத் திருப்பிக்கிட்டா வந்துருவோம்? இன்னும் நூறு அடி போட்டுப் பாப்போம்."

இரண்டாம் முறை பாலையும் பாதாம் விழுதையும் தனியாகச் சூடாக்கி, கொதிக்கிற கடல்பாசியோடு சேர்த்துக் கிளறினார். இந்த முறை திரியவே இல்லை. தட்டில் ஊற்றி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். மறுநாள் காலையில் கத்தி வைத்ததும் பளிங்குபோல வெட்டுப்பட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கௌசியா ஒரு துண்டை வாயில் போட்டார். "நல்லா ஜில்லுன்னு இருக்குதுங்க. இனிப்புத்தான் கொஞ்சம் கம்மி."

ஷஹர்பானுவின் முகம் சுண்டிவிட்டது. ரஷீத் அசரவில்லை.

"கம்மியாத்தான் போட்டேனுங்க. இவளுக்குச் சக்கரை. இவளும் நம்ம கூட உக்காந்து சாப்பிடோணும்னுதான்."

கௌசியா ஷஹர்பானுவின் பக்கம் திரும்பினார். பிறகு தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தார். "அப்ப மொதல்ல நீங்க வாயைத் தொறங்க சம்பந்தியம்மா," என்று தன் கையாலேயே ஊட்டிவிட்டார்.

சம்பந்தியம்மா என்ற சொல்லைக் கேட்டதும் கதவுக்குப் பின்னால் நின்ற தஸ்னீம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷஹர்பானுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதாம் ருசி நாக்கில் இருக்கும்போதே கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற பேச்சு தொடங்கியது.

அவர்கள் வண்டி ஏறிப் போனதும், "கல்யாணத்துக்கும் இதையே பண்ணிரலாமுங்களா?" என்று ஷஹர்பானுவே கேட்டாள். "முந்நூறு பேரு வருவாங்க. உங்களால ஆகுமுங்களா?"

ரஷீத் அதற்குள் வாடகைப் பாத்திரக் கடைக்குப் போன் போட்டு, கடல்பாசி ஊற்ற முப்பது பெரிய தட்டு கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.