பரணில் வந்த சிரிப்பு

இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது, தமிழர்களான நானும் அம்மாவும் மாத்தளை நகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா இல்லை, அம்மாவின் தையலில்தான் பிழைப்பு. தெருவுக்குள் ஆட்கள் தீப்பந்தத்தோடு வந்ததும் பின்வாசலால் ஓடினோம். அப்போது வாசித்துக்கொண்டிருந்த சிறுகதைத் தொகுப்பு மட்டும் என் கையோடு வந்துவிட்டது.

அடுத்த தெருவில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு சிங்கள அக்கா தனியாக இருந்தார். அம்மாவிடம் சட்டை தைக்கக் கொடுப்பார். அதற்கு மேல் பழக்கமில்லை. எங்களைக் கண்டதும் எதுவும் கேட்காமல் உள்ளே இழுத்து, சரக்கறைப் பரணில் ஏற்றி, முன்னால் சாக்குகளை அடுக்கி மறைத்துவிட்டார்.

ஓடும்போது அம்மா திரும்பிப் பார்த்திருக்கிறார். தையல் மெஷினோடு வீடு எரிந்ததைக் கண்டவர், பரணில் வாயே திறக்கவில்லை. சோற்றைத் தொடவில்லை, கூப்பிட்டாலும் பார்வை அசையவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் பகலில், வேறென்ன செய்வதென்று தெரியாமல், ஓட்டு இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில் அவர் காதோடு புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

எல்லாமே சாவையும் சண்டையையும் வைத்துச் சிரிக்கவைக்கும் கதைகள். இந்த நேரத்தில் இதையா வாசிப்பது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு கதையில் பாடையை எந்தப் பாதையால் கொண்டுபோவது என்று சொந்தக்காரர்கள் அதை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டு அடித்துக்கொள்கிறார்கள். வெயில் ஏறுகிறது. பொறுமையிழந்த பிணம் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே சுடுகாட்டுக்கு நடக்கிறது.

"வேற என்னதான் செய்யும், பாவம்" என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை.

அதே நேரம் கீழே முன்கதவில் ஆண்குரல்கள். மேலே யார் சிரிப்பது என்று சிங்களத்தில் அதட்டினார்கள். நான் அம்மாவின் வாயைப் பொத்தினேன். விரலிடுக்கிலும் சிரிப்பு கசிந்தது.

அக்காவின் குரல் நிதானமாகக் கேட்டது. "லக்கலயில இருந்து வந்த என் தங்கச்சி. புத்தி சரியில்ல. வேணும்னா ஏறிப் பாருங்க. போன தடவ பிடிக்கப் போனவனோட காதைக் கடிச்சிட்டா."

பிறகு காலடிகள் வெளியே போயின.

அக்கா சாக்குகளை விலக்கிக்கொண்டு மேலே வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சாக்கின்மேல் உட்கார்ந்து, "அப்படி என்னதான் கதை அது?" என்றார். தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர், அப்படியே அழுதும்விட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சோறு இருக்குங்களா?" என்று கேட்டார்.

ஊர் அடங்கும்வரை அக்கா எங்களை வெளியே விடவில்லை. பிறகு எல்கடுவயில் உறவினர் வீட்டுக்குப் போனோம். அம்மா மறுபடி தைத்தார், நெடுநாள் வாழ்ந்தார். அந்தக் கதையை எழுதியவர் யாரோ, எங்களை அறியமாட்டார். எங்களுக்காகப் பொய் சொன்ன அக்காவும் எங்களை அவ்வளவாக அறிந்தவரல்ல. அம்மா எனக்கு மீண்டும் கிடைத்தது அந்த இரண்டு பேராலும்தான் என்பதை நினைக்காமல் இன்றும் என்னால் ஒரு புத்தகத்தைத் திறக்க முடிவதில்லை.